ஏழு கோடிக் கால்நடை, ஒரே புல்வெளி: மங்கோலிய மேய்ப்பர்கள் மீது தவறு உண்டா?

பழைய பேரேடு (தொடக்கப் பதிவு)

2023-24 குளிர்காலத்தில் மங்கோலியாவில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. செய்தியைப் பகிர்ந்தவர்கள் எல்லோரும் "பருவநிலை மாற்றம்" என்று சொல்லிவிட்டுக் கடையைக் கட்டிவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை. முப்பது ஆண்டுகள் கிராமக் கிளைகளில் உட்கார்ந்து ஆட்டுக் கடனும் மாட்டுக் கடனும் எழுதியவன் நான். செத்தது எத்தனை என்று கேட்பதற்கு முன்னால் இருந்தது எத்தனை என்று கேட்பது எங்கள் தொழில் புத்தி.

இருந்ததைப் பார்ப்போம். 1990இல் மொத்தக் கால்நடை ஏறக்குறைய 2 கோடியே 60 லட்சம். 2019இல் 7 கோடியே 9 லட்சம். மனிதர்கள் ஏறக்குறைய 35 லட்சம் பேர் மட்டுமே உள்ள நாட்டில்! இதில் வெள்ளாட்டின் கதை தனி. 1990இல் 51 லட்சம். 2019இல் 2 கோடியே 90 லட்சத்துக்கு மேல். மந்தையில் ஐந்தில் ஒன்றாக இருந்தது ஐந்தில் இரண்டாகிவிட்டது. புல்வெளி மட்டும் அதே புல்வெளி.

காரணம் காஷ்மியர். வசந்த காலத்தில் வெள்ளாட்டின் உள்ரோமத்தைச் சீவி விற்றால் கையில் ரொக்கம். உலகச் சந்தையில் சீனாவுக்கு அடுத்த இடம் இவர்களுடையது. ஆசை யாரை விட்டது? ஆனால் வெள்ளாடு புல்லின் நுனியோடு நிற்பதில்லை, வேரடி வரை கறித்துவிடும். மந்தையைப் பெருக்கிவிட்டு, பனி பெய்ததும் வானத்தைக் குறை சொன்னால் எப்படி? அந்த மக்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் மீது தவறே இல்லை என்ற பாட்டை மட்டும் நான் பாட மாட்டேன். மறுப்பவர்கள் வரலாம்.

புல்நுனி

வந்துவிட்டேன், பேரேடு ஐயா. நான் கால்நடை மருத்துவன். எண்ணிக்கையைச் சொன்னீர்கள், சரி. ஆனால் கால்நடை எப்படிச் சாகிறது என்று தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

அவர்கள் இந்தச் சாவை 'ஸூட்' என்கிறார்கள். நம் காதில் 'சூடு' என்று விழும். பொருள் நேர் எதிர். பனி ஆழமாக மூடிப் புல் எட்டாமல் போனால் வெள்ளை ஸூட். பனியே பெய்யாமல் போனால் கறுப்பு ஸூட்: குளிர்காலத்தில் கால்நடை பனியைத் தின்றுதான் தாகம் தீர்க்கிறது, ஆகவே பனி இல்லையென்றால் தாகத்தில் சாகும். பெய்த பனி ஒருநாள் இளகி, மறுநாள் கண்ணாடிபோல் இறுகிவிட்டால் இரும்பு ஸூட். இது எல்லாவற்றிலும் கொடியது. குதிரை குளம்பால் பனியை உடைத்து மேயும். அது உடைத்த தடத்தில் செம்மறியும் வெள்ளாடும் பின்னால் போய் மேயும். மாட்டுக்கு அந்த வித்தை தெரியாது, நாக்கால் சுழற்றி இழுத்துத் தின்னும் பிராணி அது. குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு என்று ஐந்தையும் சேர்த்து 'ஐந்து மூக்கு' என்று அவர்கள் சொல்வது வெறும் அழகுக்காக அல்ல. ஒன்று சாகும் குளிரில் இன்னொன்று பிழைக்கும். பழைய காப்பீடு அதுதான்.

அடுத்தது, ஸூட் புதியதும் அல்ல. 1944-45இல் பெரும் ஸூட் வந்தது. இன்றைய எண்ணிக்கையில் பாதிகூட இல்லாத காலம் அது. அப்போது எந்தக் காஷ்மியர் ஆசை?

குளிர்காலத்தில் சாகும் ஆடு உண்மையில் கோடையிலேயே சாகத் தொடங்கிவிடுகிறது. மழை பொய்த்த கோடையில் கொழுப்பு ஏறாது. கொழுப்பு ஏறாத ஆடு மைனஸ் 40ஐத் தாங்காது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாலை அளந்துதான் வைத்திருக்கிறான் என்று நாம் பழமொழி சொல்வோம். மங்கோலியச் செம்மறிக்கு ஆண்டவன் தாராளமாகவே அளந்தான்: கொழுப்பைச் சேமித்து வைக்கும் தடித்த வால். அந்த வாலில் சேமிக்கக் கோடையில் புல் வேண்டுமே. 1940 முதல் அந்த நாட்டின் சராசரி வெப்பம் 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறியிருக்கிறது. உலகச் சராசரியைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு.

பழைய பேரேடு

பாடத்துக்கு நன்றி, டாக்டர். குதிரை பனியை உடைப்பது எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் வாதமே என் பக்கம் சாய்கிறது. கோடையில் புல் வேண்டும் என்கிறீர்கள். இருக்கிற கொஞ்சம் புல்லை மூன்று மடங்கு வாய்கள் தின்றால் ஒவ்வொரு வாலுக்கும் எவ்வளவு மிஞ்சும்?

2014இல் வெளிவந்த ஒரு செயற்கைக்கோள் ஆய்வு, அங்கே பசுமை குறைந்ததில் சுமார் 80 சதவீதத்துக்குக் கால்நடைப் பெருக்கமே காரணம் என்றது.

புல்நுனி

அதற்கு முந்திய ஆண்டு, 2013இல் வந்த இன்னோர் ஆய்வு சுமார் 60 சதவீதத்துக்கு மழையும் வெப்பமும்தான் காரணம் என்றதே? அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மூன்றாம் வரிசை

இரண்டையும் படித்தவள் என்பதால் குறுக்கிடுகிறேன். இரண்டும் ஒரே காலத்தை அளக்கவில்லை. ஒன்று 1988 முதல் 2008 வரை, மற்றது 2002க்குப் பிந்திய பத்தாண்டு. செயற்கைக்கோள் கருவியும் வேறு. 60 சதவீதம் என்ற ஆய்வே மீதியில் வெள்ளாட்டுப் பெருக்கத்துக்கும் ஒரு பங்கு கொடுக்கிறது. ஆளுக்கொரு ஆய்வை எடுத்துச் சிலம்பம் சுழற்றுவதால் பயன் இல்லை. வறட்சியும் கூடியது, மந்தையும் கூடியது.

மந்தை ஏன் கூடியது என்பதுதான் கேள்வி. 'ஆசை' என்று பேரேடு ஐயா ஒரே சொல்லில் முடித்தது எனக்கு ஒப்பவில்லை. 1990 வரை அங்கே நெக்தெல் என்ற கூட்டுப் பண்ணைகள் இருந்தன. கால்நடையில் பெரும்பகுதி பண்ணைக்குச் சொந்தம், மேய்ப்பவருக்குச் சம்பளம். கிணறு தோண்டுவது, குளிர்காலத்துக்குத் தீவனம் சேர்த்து வைப்பது, நெடுந்தூர இடப்பெயர்வுக்கு லாரி அனுப்புவது, மருத்துவரை அனுப்புவது எல்லாம் அரசு வேலை. சோவியத் உதவி நின்றதும் ஓரிரண்டு ஆண்டுகளில் எல்லாம் கலைந்தது. கால்நடையைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு அரசு நழுவிவிட்டது. மோட்டார் கிணறுகள் பழுதாகி நின்றன. நகரத்தில் தொழிற்சாலைகள் மூடின. வேலை இழந்தவர்கள் எங்கே போனார்கள்? புல்வெளிக்குத்தான். 1990இல் ஒன்றரை லட்சத்துக்குள் இருந்த மேய்ப்பர் எண்ணிக்கை 2000இல் நான்கு லட்சத்தைத் தாண்டியது. நேற்றுவரை பேக்கரியில் வேலை செய்தவர் இன்று நூறு ஆட்டோடு மலையடிவாரத்தில் நிற்கிறார். அதைப் பேராசை என்று எழுதினால் பேரேட்டில் தவறான பக்கத்தில் வரவு வைத்ததாகும், ஐயா.

அந்தப் புதியவர்கள்மீதுதான் 1999 முதல் 2002 வரை மூன்று ஸூட் அடுத்தடுத்து விழுந்தது. சுமார் ஒரு கோடிக் கால்நடை போயிற்று. மந்தை இழந்தவர்களில் பலர் முதுகில் பச்சைப் பிளாஸ்டிக் தொட்டியைக் கட்டிக்கொண்டு தங்கம் அலசப் போனார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கார்ட்டூன் நிஞ்சா ஆமை போலத் தெரிவதால் 'நிஞ்சா' என்றே பெயர் வந்துவிட்டது.

நூல்கண்டு

துணி வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். காஷ்மியர் விலையை மேய்ப்பவர் தீர்மானிப்பதில்லை. வசந்த காலத்தில் வண்டியோடு வரும் தரகரை அங்கே 'சேஞ்ச்' என்பார்கள். அவர் சொன்னதுதான் விலை. ரோமத்தில் பெரும்பகுதி கழுவியோ கழுவாமலோ சீனாவுக்குப் போகிறது. நூலாக்கி, ஸ்வெட்டராக்கி வரும் லாபம் அங்கே நிற்கிறது. 2020இல் பெருந்தொற்றுக்காக எல்லை மூடியபோது விலை பொத்தென்று விழுந்தது. விலை விழுந்தால் மேய்ப்பவர் என்ன செய்வார்? அதே வருமானத்துக்கு இன்னும் ஐம்பது ஆடு சேர்ப்பார். விலை ஏறினாலும் ஐம்பது ஆடு சேர்ப்பார். இந்தக் கணக்கில் ஆடு குறையும் வழியே இல்லை.

தென்கோபி

வணக்கம். தெற்கு கோபியில் ஒரு சுரங்கத்தில் ஒப்பந்தப் பொறியாளராக மூன்று ஆண்டு இருந்தவன். இங்கே எல்லோரும் ஆட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த நாட்டின் ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு கனிமம். பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் மருத்துவமனைக்கும் பணம் அங்கிருந்துதான் வருகிறது. ஓயு தொல்கோய் தாமிரச் சுரங்கத்தில் அரசுக்கு 34 சதவீதம் பங்கு இருக்கிறது. 2023இல் நிலத்தடிப் பகுதியும் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. மேய்ச்சல் ஒரு அழகான வாழ்க்கைமுறை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தாண்டுக்கு ஒருமுறை ஒரு கோடி உயிர் சாகும் தொழிலை நம்பி ஒரு நாடு எத்தனை நாள் இருக்கும்? பிள்ளைகள் சுரங்க வேலைக்கு வரட்டும். புல்லும் பிழைக்கும், மந்தையும் குறையும். என்னோடு வேலை செய்த ஓட்டுநர்கள் பலர் மேய்ப்பர் வீட்டுப் பிள்ளைகள். திரும்பிப் போக ஒருவரும் விரும்பவில்லை.

புல்நுனி

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

தென்கோபி

பழமொழி பதிலாகாது, டாக்டர்.

புல்நுனி

சரி, பதிலே சொல்கிறேன். ஓயு தொல்கோய் இருக்கும் கான்போக்த் வட்டாரத்தில் உந்தாய் என்ற ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். ஆறு என்றால் காவிரி போல நினைக்க வேண்டாம். பெரும்பாலும் வறண்ட மணல்தான். ஆனால் மணலுக்கு அடியில் ஓடும் ஈரம்தான் அந்தப் பாலைவனத்தின் ஊற்றுகளுக்கும் கைக்கிணறுகளுக்கும் உயிர். சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது பல குடும்பங்களைக் குளிர்காலத் தங்குமிடத்திலிருந்து பெயர்த்தார்கள். குளிர்காலத் தங்குமிடம் என்பது வெறும் மனை அல்ல. காற்று மறைப்பு, தலைமுறை தலைமுறையாக இறுகிப்போன சாண மெத்தை, பக்கத்தில் மிச்சம் வைத்த புல் மூன்றும் சேர்ந்த இடம். அந்தச் சாண மெத்தை இல்லாத புதிய இடத்தில் ஆடு உறைந்த தரையில் படுத்து இரவோடிரவாக விறைத்துவிடும். காசோலை கொடுத்து அதை வாங்க முடியாது.

2012இலும் 2013இலும் அந்த மேய்ப்பர்கள், சுரங்கத்துக்குக் கடன் தந்த உலக வங்கிக் குழும நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலகத்துக்குப் புகார் கொடுத்தார்கள். 2015இல் மேய்ப்பர், நிறுவனம், உள்ளூர் நிர்வாகம் மூவரும் உட்காரும் அவை அமைந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாக 2017 ஆயிற்று. ஐந்து ஆண்டு. அதற்குள் எத்தனை குளிர்காலம்?

தென்கோபி

சுரங்கம் குடிநீரை எடுத்துவிடுகிறது என்று அடுத்து யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ஓயு தொல்கோய் பயன்படுத்துவது ஆழத்திலிருக்கும் உப்பு நீரடுக்கு. ஆடுகூடக் குடிக்காத நீர். அதிலும் பெரும்பகுதியை மறுசுழற்சி செய்கிறார்கள். நிலக்கரி லாரிகள் கிளப்பும் தூசி பற்றிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அந்தத் தூசியை நானும் தின்றிருக்கிறேன். மண் சாலையில் வரிசையாக நூறு லாரி போனால் அரை மணி நேரத்துக்குப் பகலே இருக்காது. சாலையோரம் மேய்ந்த ஆட்டை அறுத்தால் நுரையீரல் கறுத்திருப்பதாக உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். தவான் தொல்கோய் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து எல்லைக்கு ரயில் பாதை வந்தது 2022இல்தான். பத்து ஆண்டுக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வரிசை

தென்கோபி அண்ணா, பள்ளிக்கூடத்துக்குப் பணம் சுரங்கத்திலிருந்து வருகிறது என்றீர்கள். 2022 டிசம்பரில் தலைநகர் உலான் பத்தூரின் சுக்பாதர் சதுக்கத்தில் உறைகுளிரில் இளைஞர்கள் திரண்டது எதற்காக? எல்லை தாண்டிப் போன நிலக்கரியில் ஒரு பகுதி கணக்கிலேயே வராமல் திருடப்பட்டதற்காக. ஓயு தொல்கோயில் 34 சதவீதம் பங்கு என்பதும் பல ஆண்டுகள் கடனாகவே ஏறிக்கொண்டிருந்தது. 2022இல் சுமார் 240 கோடி டாலர் கடனை நிறுவனம் தள்ளுபடி செய்த பிறகுதான் மூச்சு வந்தது. கனிமப் பணம் வருகிறது, மறுக்கவில்லை. அது ஆடு மேய்க்கும் வட்டாரத்தில் ஒரு கிணறாக மாறுவதற்குள் எங்கெங்கோ வற்றிவிடுகிறது.

ஓங்கி ஆற்றையும் மறக்க வேண்டாம். தங்கச் சுரங்கங்களால் அந்த ஆறு வற்றி, அது போய்ச் சேரும் உலான் ஏரியும் காய்ந்தது. ஆற்றைக் காக்க இயக்கம் தொடங்கிய செத்செகீ முன்க்பயார் ஒரு மேய்ப்பர். 2007இல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மன் விருது பெற்றவர். ஆற்றின் தலைப்பகுதியிலும் காட்டிலும் சுரங்கம் கூடாது என்று 2009இல் சட்டமே வந்தது. பெயர் அவ்வளவு நீளம் என்பதால் 'நீண்ட பெயர்ச் சட்டம்' என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சட்டத்தைத் தளர்த்தப் போகிறார்கள் என்று 2013இல் ஆயுதத்தோடு போராடப் போய், அதே மனிதர் 21 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றார். துப்பாக்கி எடுத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. விருது வாங்கியவர் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதை யோசிக்க வேண்டும் என்கிறேன்.

நெறியாளர்

சுரங்கத்துக்குத் தனி இழை இருக்கிறது. மேய்ப்பர் மீது தவறு உண்டா என்ற கேள்விக்குத் திரும்புவோம்.

பழைய பேரேடு

திரும்புகிறேன். இத்தனை பேர் இத்தனை காரணம் சொன்ன பிறகும் ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை. ஆடு தனியாருக்குச் சொந்தம். புல் யாருக்கும் சொந்தமில்லை. நான் ஒரு ஆடு சேர்த்தால் லாபம் எனக்கு. புல் குறைந்தால் நட்டம் எல்லோருக்கும். 1968இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் சொன்ன 'பொதுநிலத்தின் சோகம்' அச்சு அசலாக இங்கே நடக்கிறது. நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக் கொடுங்கள். தன் புல் என்றால் தானே எண்ணி மேய்ப்பான்.

மூன்றாம் வரிசை

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் சட்டம். 1992 அரசமைப்பின்படி மங்கோலியாவில் மேய்ச்சல் நிலத்தைத் தனியாருக்குச் சொந்தமாக்க முடியாது. குளிர்கால, வசந்தகாலத் தங்குமிடத்துக்கு மட்டும் சான்று கொடுக்கிறார்கள். இது மறதியால் விட்டுப்போன ஓட்டை அல்ல, யோசித்து எழுதியது. ஏனென்று சொல்கிறேன். அங்கே மழை மாவட்டம் முழுவதும் பெய்யாது. இந்த மலைக்கு இந்தப் பக்கம் பெய்யும், அந்தப் பக்கம் வறண்டு கிடக்கும். அடுத்த ஆண்டு மாறிப் பெய்யும். உங்களுக்கு ஆயிரம் ஏக்கர் பிரித்துக் கொடுத்து வேலி போட்டால், மழை வேலிக்கு வெளியே பெய்த ஆண்டில் நீங்கள் வேலிக்குள் உட்கார்ந்து ஆடு சாவதைப் பார்க்க வேண்டியதுதான். இதற்குத்தான் 'ஓதோர்' என்ற பழக்கம்: புல் இருக்கும் இடம் தேடி மந்தையோடு நெடுந்தூரம் போவது. இன்று நீங்கள் என் மேய்ச்சலுக்கு வருகிறீர்கள், நாளை நான் உங்கள் மேய்ச்சலுக்கு வருவேன். யாருக்கும் சொந்தமில்லை என்று நீங்கள் சொன்ன அந்தப் புல்லில் யார், எப்போது, எவ்வளவு நாள் என்ற வழக்கம் இருந்தது. கதவு இல்லாத வீட்டுக்கும் முறை உண்டு.

பிரித்துக் கொடுத்துப் பார்த்த இடமும் இருக்கிறது. எல்லைக்கு அப்பால், சீனாவின் உள் மங்கோலியாவில் குடும்பவாரியாகப் பிரித்து வேலி போட்டார்கள். 1990களில் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது, மங்கோலியாவில் சீரழிவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. உள் மங்கோலியாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். சோவியத் முறையில் கூட்டுப் பண்ணையாக நிலைநிறுத்திய ரஷ்யப் பக்கத்தில் இன்னும் மோசம். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம் இந்த ஒப்பீட்டை எடுத்துக்காட்டியே ஹார்டினுக்கு மறுப்பு எழுதினார்.

பழைய பேரேடு

நல்ல ஒப்பீடு. ஆனால் நீங்களே சொன்னீர்கள், 1990களில் எடுத்த படம். அப்போது வெள்ளாடு இன்றைய எண்ணிக்கையில் பாதிகூட இல்லை. அதற்குப் பிறகு முப்பது ஆண்டு ஓடிவிட்டது அம்மா. இன்று அதே படத்தை எடுத்துப் பத்தில் ஒன்று என்று சொல்வீர்களா? வழக்கம் இருந்தது என்கிறீர்கள். இருந்தது, சரி. இருக்கிறதா?

மூன்றாம் வரிசை

சொல்ல மாட்டேன். இன்று பாதிக்கு மேல் சீர்கெட்டுவிட்டதாக அவர்கள் நாட்டு மதிப்பீடே சொல்கிறது. இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி.

வழக்கம் தேய்ந்துவிட்டது என்பதும் உண்மை. ஏன் தேய்ந்தது என்பதற்கு யாரும் பேசாத ஒரு காரணம்: பள்ளிக்கூடம். 2008 முதல் ஆறு வயதிலேயே பள்ளியில் சேர்க்க வேண்டும். பள்ளி இருப்பது சூம் எனப்படும் வட்டாரத் தலைநகரில். ஆறு வயதுக் குழந்தையை விடுதியில் விட மனம் வராமல் தாய் பள்ளிக்குப் பக்கத்தில் கெர் கூடாரம் போட்டுத் தங்குகிறார். தகப்பன் தனியாக மந்தையோடு. தனி ஆளால் நெடுந்தூரம் இடம் மாற முடியாது. ஆகவே ஊருக்குப் பக்கத்திலேயே மேய்ச்சல். ஊரைச் சுற்றியும் ஓடுகிற கிணற்றைச் சுற்றியும் தரை மொட்டை. தொலைவில் கிணறு இல்லாத இடத்தில் புல் மேய ஆளின்றிக் காய்கிறது. ஏழு கோடி என்பதைவிட அந்த ஏழு கோடியும் ஒரே இடத்தில் நிற்பதுதான் எனக்குக் கவலை.

புல்நுனி

இது நான் யோசிக்காத கோணம். பள்ளிக்கூடத்தைக் குற்றம் சொல்லவும் முடியாது.

பேரேடு ஐயா, உங்கள் துறைக் கேள்வி ஒன்று. ஆட்டைக் குறை என்று சொல்வது எளிது. எங்கே விற்பது? கோமாரி நோய் அடிக்கடி தலைகாட்டுவதால் மங்கோலிய இறைச்சியைப் பல நாடுகள் வாங்குவதில்லை. இலையுதிர் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்தால் உள்ளூர் விலை படுத்துவிடும். அதனால் ஆடு காலில் நடக்கும் வைப்புத்தொகையாகவே நிற்கிறது. மேலும், ஆயிரம் கால்நடை வைத்திருப்பவருக்கு 'ஆயிரவர்' என்ற பொருளில் அரசே பட்டம் கொடுத்துப் பாராட்டுகிறது! ஒரு கையால் பட்டம், மறு கையால் உபதேசம்.

பழைய பேரேடு

அந்தப் பட்டம் விஷயம் எனக்குப் புதிது. கேட்டதும் சிரிப்பு வந்தது.

கடன் பக்கம் சொல்கிறேன். அங்கே வங்கிகள் மந்தையை அடமானமாக வைத்துக் கடன் கொடுக்கின்றன. தவணை வசந்த காலத்தில், காஷ்மியர் காசு வரும் நேரத்தில். வங்கி அதிகாரி என்ன பார்ப்பார்? ஆட்டின் எண்ணிக்கையை. இருநூறு ஆடு வைத்திருப்பவருக்குக் கொஞ்சம், நானூறு வைத்திருப்பவருக்கு இரட்டிப்பு. புல்லின் உயரத்தை எந்த விண்ணப்பத்திலும் எழுதச் சொல்வதில்லை. நான் அங்கே கிளை மேலாளராக இருந்திருந்தாலும் இதே கடனைத்தான் எழுதியிருப்பேன். அதனால் 'ஆசை' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். 'தவறு' என்ற சொல்லைப் பெறவில்லை. கடன் வாங்கியவனுக்கும் கண் இருக்கிறது; தன் குளிர்காலப் புல்லைக் கோடையிலேயே மேயவிடுகிறவன் அதை அறிந்துதான் செய்கிறான்.

நூல்கண்டு

காப்பீடு இல்லையா அங்கே?

பழைய பேரேடு

இருக்கிறது, அழகான திட்டமும்கூட. உலக வங்கி உதவியோடு 2006இல் மூன்று மாகாணங்களில் தொடங்கினார்கள். உன் ஆடு எத்தனை செத்தது என்று கேட்பதில்லை. வட்டாரம் முழுவதும் சாவு ஒரு வரம்பைத் தாண்டினால் காப்பீடு எடுத்த எல்லோருக்கும் தொகை. இதில் ஒரு நுட்பம் உண்டு: தீவனம் சேர்த்து வைத்து, இடம் பெயர்ந்து, தன் ஆட்டைக் காப்பாற்றிக்கொண்டவருக்கும் பணம் கிடைக்கும், ஆகவே யாரும் சோம்பி இருக்கத் தூண்டுதல் இல்லை. செத்த ஆட்டை எண்ண அதிகாரி பனியில் அலைய வேண்டாம். என் காலத்தில் செத்த மாட்டின் காதைப் பையில் போட்டு எடுத்துவந்து மேசையில் வைப்பார்கள், அந்த வாசனை இன்னும் போகவில்லை. குறை என்னவென்றால், வட்டாரம் தப்பித்து நீங்கள் ஒருவர் மட்டும் நொடித்தால் ஒன்றும் கிடைக்காது.

தென்கோபி

2020இல் கொண்டுவந்த கால்நடை வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கு இவ்வளவு என்று உள்ளூர் மன்றமே விகிதம் வைக்கலாம், வசூலை மேய்ச்சல் நிலத்துக்கே செலவிட வேண்டும் என்பது ஏற்பாடு. தலைக்கு வரி ஏறினால் தானாக மந்தை குறையும்.

புல்நுனி

உள்ளூர் மன்றத்தில் உட்கார்ந்திருப்பது யார்? ஆயிரம் ஆட்டுக்காரரும் அவர் மைத்துனரும். தங்கள் தலைக்குத் தாங்களே விகிதம் வைப்பார்கள். பெரிய மந்தைக்காரர் லாரி வைத்து ஓதோர் போகிறார், தீவனம் வாங்குகிறார், ஸூட் வந்தாலும் பாதியோடு தப்பிக்கிறார். நூறு ஆட்டுக்காரர் அதே குளிரில் மொத்தத்தையும் இழந்து உலான் பத்தூர் ஓரத்துக் கெர் குடியிருப்பில் நிலக்கரி அடுப்போடு போய் விழுகிறார். 'மேய்ப்பர்' என்று ஒரே பெயரில் இருவரையும் சேர்த்துத் தவறு உண்டா என்று கேட்டதே இந்த இழையின் கோளாறு.

பழைய பேரேடு

தலைப்பை நான்தான் வைத்தேன், கோளாறை ஏற்கிறேன். அப்படியானால் பெரிய மந்தைக்கு ஏறுமுக வரி: இருநூறு வரை ஒன்றுமில்லை, ஐந்நூறுக்கு மேல் கனமாக. ஒப்புக்கொள்வீர்களா, டாக்டர்?

புல்நுனி

ஒப்புக்கொள்வேன். ஆனால் அன்று மாலையே ஆயிரம் ஆடு ஐந்து தம்பிகள் பெயரில் இருநூறு இருநூறாகப் பிரிந்துவிடும். நீங்கள் பார்க்காத பினாமியா?

பழைய பேரேடு

பார்த்திருக்கிறேன். ஒரே டிராக்டரை மூன்று பெயரில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் வரிசை

வரியைவிட மேய்ச்சல் பயனர் குழுக்கள் மீதுதான் எனக்கு நம்பிக்கை. ஒரே பள்ளத்தாக்கைப் பயன்படுத்தும் குடும்பங்கள் கூடி, எந்தச் சரிவை எந்த மாதம் வரை தொடக் கூடாது என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். 2004 முதல் சுவிட்சர்லாந்து உதவியோடு இது பரவியது. பழைய வழக்கத்தைத் தாளில் எழுதியதுதான். தம்பி பெயரில் ஆட்டை மாற்றினாலும், எந்த ஆடு எந்தச் சரிவில் நிற்கிறது என்பது பக்கத்துக் கூடாரத்துக்குத் தெரியும்.

தென்கோபி

பக்கத்துக் கூடாரத்துக்குத் தெரியும். வேறு மாகாணத்திலிருந்து பஞ்சம் பிழைக்க மந்தையோடு வந்து நிற்பவருக்கு? அவர் உங்கள் தாளில் கையெழுத்துப் போடவில்லையே. விரட்டினால் ஓதோர் வழக்கம் செத்தது. விட்டால் மிச்சம் வைத்த சரிவு போயிற்று.

மூன்றாம் வரிசை

அதற்குத்தான் மேய்ச்சல் நிலச் சட்டம் வேண்டும். வரைவு மேல் வரைவாக நாடாளுமன்றத்துக்குப் போகிறது, நின்றுவிடுகிறது. வந்தவரை எத்தனை நாள் வைத்துக்கொள்வது, அவர் என்ன கொடுக்க வேண்டும் என்று எழுதினால் பாதிச் சண்டை தீரும்.

பழைய பேரேடு

எழுதினால். அதுவரை, ஆண்டுதோறும் டிசம்பரில் அந்த நாடு தன் கால்நடையை எண்ணும். 2024 டிசம்பரில் 5 கோடியே 76 லட்சம் என்று வந்தது. இரண்டு ஆண்டில் ஒரு கோடிக்கு மேல் குறைவு. குறைத்தது வரியும் இல்லை, உங்கள் குழுவும் இல்லை, என் யோசனையும் இல்லை.

புல்நுனி

ஒரு திருத்தம், ஐயா. குறைந்ததில் சினை ஆடும் குட்டியும் நிறைய. ஸூட்டில் முதலில் போவது அவைதான். கிடா நிற்கும், தாய் விழும்.

பழைய பேரேடு

இது எந்தப் பேரேட்டிலும் வராது. நாளை எழுதுகிறேன், டாக்டர். இங்கே மின்சாரம் போய்விட்டது.